அக்கா கல்யாண டிவிடியில் அப்பாரு குரல் மாறியிருக்கிறது: பால், என்டிஎஸ்சி டிவி முறைகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

#1 ஏற்காட்டுக்காரன்

வணக்கம். அக்கா கல்யாணம் 2005 தை மாதம் சேலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஸ்டுடியோவில் கொடுத்த எங்கள் வீட்டு டிவிடி ஏற்காட்டு ஈரத்தில் பூத்துப்போய் எப்போதோ வீணாகிவிட்டது. மிச்சம் இருப்பது அக்கா அமெரிக்காவுக்கு எடுத்துப்போன ஒரே டிஸ்க். அப்போதே யாரிடமோ கொடுத்து 'ஃபாரின் காப்பி' என்று மாற்றி வாங்கியது. யாரிடம் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அப்பாருக்கு (அப்பாவைப் பெற்ற தாத்தா) வருகிற மாதம் முதல் வருஷத் திதி. அதற்காக வந்திருக்கும் அக்கா அந்த டிஸ்கைக் கொண்டுவந்திருக்கிறார். அப்பாரு நடமாடிப் பேசுகிற வீடியோ எங்களிடம் அது ஒன்றுதான். ஆனால் மலைமேலே எங்கள் வீட்டில் இருப்பது பழைய 21 இன்ச் டப்பா டிவி. அதில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக, கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருக்கிறது. லேப்டாப்பில் மட்டும் கலராக ஓடுகிறது. என்ன செய்யலாம்?

#2 குகைவாசி

இது ரீஜன் கோடு பிரச்சினை. அமெரிக்கா 1, நாம் 5. நம்ம ஊர் பிளேயர் அந்த ஊர் டிஸ்கை எடுக்காது. புது டிஸ்க்தான்.

#3 அஸ்தம்பட்டி அக்கா

குகைவாசி, ரீஜன் தப்பாக இருந்தால் படமே வராது, டிஸ்கைத் துப்பிவிடும். தவிர, வீட்டில் எழுதின டிஸ்கில் ரீஜன் பூட்டு இருக்காது. அது கம்பெனிப் படங்களுக்குப் போடுவது. இது டிவி முறை. ரெண்டும் வேறு வேறு. ஜப்பானும் இங்கிலாந்தும் ஒரே ரீஜன் 2, ஆனால் ஜப்பான் என்டிஎஸ்சி, இங்கிலாந்து பால்.

தம்பி, உங்கள் டிவி பால் மட்டும் தெரிந்த டிவி. பால் என்றால் 625 வரி, வினாடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவின் என்டிஎஸ்சி 525 வரி, 29.97 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் ரெண்டு பாதியாக வரும். அப்படி வினாடிக்கு 50 முறை வரும் என்று காத்திருக்கிற டிவிக்கு 60 முறை வந்தால் படம் உருளும். கலரை ஏற்றி அனுப்புகிற அலைவரிசையும் வேறு (இங்கே 4.43 மெகாஹெர்ட்ஸ், அங்கே 3.58), அதனால் கலர் மட்டும் காணாமல் போய்க் கறுப்பு வெள்ளை.

இப்போதைக்கு டிஸ்கை மாற்றவே வேண்டாம். பிளேயர் ரிமோட்டில் 'பி/என்' என்று ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் செட்டப் மெனுவில் டிவி டைப் 'ஆட்டோ'வில் இருக்கும், அதைப் பாலுக்கு மாற்றுங்கள். பிளேயரே மாற்றிக் கொடுத்துவிடும்.

#4 ஏற்காட்டுக்காரன்

அக்கா, இருந்தது! ரெண்டு அமுக்கு, கலர் வந்துவிட்டது. "பாலுக்கு மாத்துனா வந்துரும்னு சேலத்துல ஒரு அக்கா சொல்றாங்கம்மா" என்றேன். அம்மா ஆவின் பாக்கெட்டோடு சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபோது வேறு ஒன்று உறுத்தியது. அப்பாரு பந்தியில் நின்று "எல்லாரும் சாப்புட்டுட்டுத்தான் போகோணும்" என்று சொல்கிற இடம். அது அவர் குரல் மாதிரி இல்லை. கொஞ்சம் கனத்து, இழுத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. அப்பா உடனே "இது அப்பன் குரலு இல்லடா" என்றார். தவில்காரர் கையும் விட்டுவிட்டுப் போகிறது. இருபது வருஷத்தில் எங்களுக்குத்தான் மறந்துவிட்டதா, அல்லது டிஸ்க் பழசானதால் இப்படியா?

#5 குகைவாசி

பழைய டிஸ்க், தேய்ந்திருக்கும்.

#6 இரண்டரைக் கட்டை

டேப் தேய்ந்தால் குரல் அலையும். டிஸ்க் கெட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும். சுருதி இறங்காது.

நாதஸ்வரம் வருகிற இடம் ஒரு அரை நிமிஷம் போட்டுக் காட்டுங்கள். நம்ம பக்கம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைச் சுருதியில் வாசிப்பார்கள்.

(பின்சேர்க்கை: நீங்கள் அனுப்பிய துண்டைக் கேட்டேன். சுருதிப்பெட்டி வைத்துப் பார்த்தால் இரண்டுக்குச் சற்று மேலே, இரண்டரைக்கு நன்றாகவே கீழே நிற்கிறது. ஒத்தும் (கூடவே சுருதி பிடிக்கிற குழல்) நாதஸ்வரமும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கின்றன, எனவே வாசித்தவர்கள் பேரில் குற்றமில்லை. மொத்தமாக இறங்கியிருக்கிறது.)

#7 அஸ்தம்பட்டி அக்கா

சந்தேகம் வந்துவிட்டது. தம்பி, ரெண்டு வேலை.

ஒன்று, வீடியோவில் எங்காவது செகண்டு முள் ஓடுகிற கடிகாரம் ஒரு முழுச் சுற்று தெரிகிறதா? மண்டபம் என்றால் மணமேடைக்குப் பின்னால் ஒன்று மாட்டியிருப்பார்கள். போன் ஸ்டாப்வாட்சில் அளந்து பாருங்கள்.

இரண்டு, லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் டிஇன்டர்லேஸ் என்கிற வசதியை அணைத்துவிட்டு, யாராவது கை வீசுகிற இடத்தில் 'ஈ' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். எத்தனை ஃபிரேம் சுத்தமாக இருக்கிறது, எத்தனையில் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

#8 ஏற்காட்டுக்காரன்

கடிகாரம் இருக்கிறது! மாப்பிள்ளை தலைக்கு நேர் மேலே. முகூர்த்தத்தில் கேமரா அசையாமல் ரெண்டு நிமிஷம் நிற்கிறது. மூன்று தடவை அளந்தேன்: 62.4, 62.7, 62.5 வினாடி.

அட்சதை போடுகிற இடத்தில் எண்ணினேன். மூன்று சுத்தம், இரண்டு பல். மூன்று சுத்தம், இரண்டு பல். மாறாமல் வருகிறது.

#9 அஸ்தம்பட்டி அக்கா

பிடிபட்டது. உங்கள் அப்பா காது சரி.

விஷயம் இதுதான். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறதே, அதற்குள்ளே எடுத்த படங்களும் 24தான், ஹாலிவுட்டும் 24தான். அந்த 24-ஐ நம் 25 டிவியில் காட்ட, பேசாமல் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவில் வேறு வழி. படத்தை 23.976-க்கு மிக லேசாகக் குறைத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் பாதி பாதியாகப் பிரித்து (அந்தப் பாதிக்கு ஃபீல்டு என்று பெயர்: ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று) 2, 3, 2, 3 என்று மாற்றி மாற்றிக் காட்டி 59.94 ஃபீல்டுக்கு நிரப்புவார்கள். அதன் கைரேகைதான் நீங்கள் எண்ணிய மூன்று சுத்தம், இரண்டு பல்.

ஆகவே, பாலில் இருக்கிற ஒரு சினிமாவை என்டிஎஸ்சிக்கு மாற்றும்போது 25-ஐ 23.976-க்கு இறக்கி, இந்த 2, 3 வித்தையைச் செய்வது சரியான வழி. வேகமாக ஓடிக்கொண்டிருந்த படம் தன் பழைய வேகத்துக்குத் திரும்பும்.

உங்கள் அக்கா கல்யாணம் சினிமா இல்லை. பால் வீடியோ கேமராவில், நிஜ வேகத்தில், வினாடிக்கு 50 ஃபீல்டாக எடுத்தது. அதற்கும் சினிமா வைத்தியத்தையே யாரோ செய்துவிட்டார்கள். 25-ஐ 23.976 ஆல் வகுத்தால் 1.0427. அறுபது வினாடியை அதனால் பெருக்கினால் 62.56. உங்கள் கடிகாரம் அதைத்தான் சொல்கிறது. ஒலியும் கூடவே இழுபட்டதால் சுருதி ஏறக்குறைய முக்கால் ஸ்வரத்தானம் இறங்கியிருக்கிறது.

#10 இரண்டரைக் கட்டை

அப்படியானால் அசல் சரியாக இரண்டரை. என் பெயருக்கு ஏற்ற கச்சேரி.

#11 சூரமங்கலம்

இழையை இன்றுதான் பார்த்தேன். அந்தக் காலத்தில் கல்யாண எடிட்டிங் செய்தவன் என்பதால் ஒரு வார்த்தை. இந்த டிஸ்க் என் கை வேலை இல்லை, ஆனால் இருந்திருக்கலாம்! 2005-இல் எங்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கு ரெண்டரிங் போட்டால் காலையில் முடியும். "பொண்ணு வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டு, ஃபாரின் காப்பி வேணும்" என்பார்கள். மென்பொருளில் என்டிஎஸ்சி என்று ஒரு பட்டியல், அதற்குள் 'ஃபிலிம்' என்று ஒன்று. கல்யாணப் படமும் ஃபிலிம்தானே என்று தட்டிவிட்டவர்கள் உண்டு. தாமரைக்குள் மணப்பெண் முகம் விரிகிற எஃபெக்ட்டுக்குச் செலவழித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குச் செலவழித்ததில்லை. வாடிக்கையாளர் வீட்டு டிவியில் என்டிஎஸ்சியைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை, டிஸ்க் நேரே விமானம் ஏறிவிடும்.

#12 நியூஜெர்சி இட்லி

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த எடிட்டர் மேல் கோபம் வராது. இங்கே பழைய பிளேயர்கள் பல பால் டிஸ்கைத் தொடவே தொடாது. நம் ஊர்ப் பிளேயரும் டிவியும் பெரும்பாலும் ரெண்டையும் சமாளிக்கும், இங்கே அந்தத் தாராளம் கிடையாது. அதனால்தான் தமிழ்ப் பட டிவிடிகளே நிறைய என்டிஎஸ்சியில், எல்லா ரீஜனுக்கும் என்று வந்தன.

இதற்கு நேர் எதிராக நான் செய்த கூத்து ஒன்று. இங்கே வாங்கிய கேமராவைத் தம்பி கல்யாணத்துக்குச் சேலம் கொண்டுவந்தேன். மண்டபம் முழுக்க டியூப்லைட். படம் பூராவும் படபடவென்று வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுங்கும்; என் கேமரா 60 கணக்கில் எடுக்கிறது. ஷட்டரை 1/100-இல் வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று தாலி கட்டி மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது.

#13 குகைவாசி

இவ்வளவு கணக்கு எதற்கு? இப்போது ஏஐ ஆப் வந்துவிட்டது. டிஸ்கைக் கொடுத்தால் 4கே, 60 ஃபிரேம், எல்லாம் பளபளவென்று கொடுக்கும். யூடியூபில் ஏற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

#14 அஸ்தம்பட்டி அக்கா

கொடுக்கும். 62 வினாடியில் சுற்றுகிற கடிகாரத்தை 4கே-வில் கொடுக்கும். அப்பாரு முகத்தையும் தனக்குத் தோன்றியபடி வழித்துக் கொடுக்கும்.

தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது இதைத் திருப்பி ஓட்டுவது. டிஸ்கின் வீடியோ கோப்பை லேப்டாப்பில் நகலெடுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் பிரிந்த பாதிகளைப் பொருத்துகிற ஃபில்டர், அடுத்து ஐந்தில் ஒன்றை நீக்குகிற ஃபில்டர். 23.976 சுத்த ஃபிரேம்கள் கிடைக்கும். அதே ஃபிரேம்களை 25 வேகத்தில் ஓடச் சொல்லுங்கள். புதிதாக ஒரு ஃபிரேமைக்கூட உண்டாக்கத் தேவையில்லை.

ஒலியில்தான் கவனம். 'டெம்போ' ஃபில்டர் போட்டால் வேகம் கூடும், சுருதி இறங்கியபடியே இருக்கும். நமக்கு ரெண்டும் ஏற வேண்டும். அதனால் வினாடிக்கு 48000 சாம்பிள் உள்ள ஒலியை 50050 என்று அறிவித்து, பிறகு 48000-க்குத் திருப்பி மாற்ற வேண்டும். 50050 என்பது தோராயம் இல்லை, கணக்குப் போட்டால் பிசிறில்லாமல் வருகிற எண்.

#15 ஏற்காட்டுக்காரன்

செய்தேன். ரெண்டு ராத்திரி ஆனது, நடுவில் மழையில் கரண்ட் வேறு போனது.

கடிகாரம்: 60.0, 59.9, 60.1.

அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் பந்திக் காட்சியைப் போட்டேன். "போகோணும்" வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி போடச் சொன்னார். ஆறு தடவை போட்டேன்.

ஒரு குறை. தவில்காரர் கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

#16 அஸ்தம்பட்டி அக்கா

அது திரும்பி வராது. கேமரா வினாடிக்கு 50 தருணங்களை எடுத்தது. 'ஃபிலிம்' ஆக்குவதற்காக ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, இருக்கிற பாதியை இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். மிஞ்சியது 25 தருணம். படம் தெரிகிற வரிகளும் 576-இலிருந்து 480-க்குச் சுருங்கிவிட்டன (முன்பு சொன்ன 625, 525 படம் தெரியாத வரிகளையும் சேர்த்த கணக்கு). வேகத்தைத் திருப்பலாம். எறிந்ததைத் திருப்ப முடியாது. தவில்காரர் கைக்கு 25 போதாது, அவ்வளவுதான்.

#17 சூரமங்கலம்

தம்பி, டேப் எங்கே?

2005 என்றால் மினி டிவி (MiniDV, வீட்டில் பார்க்கிற டிவி இல்லை) கேசட்டில் எடுத்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பல ஸ்டுடியோக்கள் டேப்புக்கும் சேர்த்துக் காசு வாங்கி வீட்டிலேயே கொடுத்துவிடும். பட்டுப்புடவை வைக்கிற இடத்தில் தேடுங்கள். பெண்கள் அங்கேதான் வைப்பார்கள்.

#18 ஏற்காட்டுக்காரன்

அண்ணா, எங்கே கேமரா வைத்துப் பார்க்கிறீர்கள்? அம்மாவின் பீரோவில், கூறைப்புடவைக்கு அடியில், பிஸ்கட் டப்பாவில் மூன்று கேசட். 'முகூர்த்தம் 1', 'முகூர்த்தம் 2', 'ரிசப்ஷன்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறது. ரசகற்பூர வாசனை தூக்குகிறது.

#19 சூரமங்கலம்

யார் வீட்டுக் கேமராவிலும் போட்டுவிடாதீர்கள்! முதலில் கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக டார்ச் அடித்து டேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. பூஞ்சை டேப் ஒன்று ஓடினால் ஹெட் (டேப்பைப் படிக்கிற பாகம்) அழுக்காகி அடுத்த டேப்பும் கெடும்.

நல்ல டேப்பைச் சேலத்துக்குக் கொண்டுவந்து ரெண்டு நாள் உலர்ந்த அறையில் வையுங்கள். குளிரிலிருந்து இருபது கொண்டை ஊசி இறங்கி நேரே வெக்கைக்கு வந்தால் உள்ளே வியர்க்கும். அப்புறம் ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகுதான் பிளே.

என்னிடம் கேமராவும், அதை இணைக்கிற ஃபயர்வயர் அட்டை போட்ட பழைய கம்ப்யூட்டரும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு மணி நேர டேப் ஒரு மணி நேரம்தான் ஏறும், அவசரப்படுத்த முடியாது. டேப்புக்கு 13 ஜிபி ஆகும். ஒரு ஹார்ட் டிஸ்க் எடுத்து வாருங்கள்.

#20 ஏற்காட்டுக்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முகூர்த்தம் ரெண்டு டேப்பும் ஏறிவிட்டன. ஒரே ஒரு இடத்தில், ஓமப் புகை வரும்போது, நாலைந்து கட்டம் உடைகிறது. மற்றதெல்லாம் நேற்று எடுத்த மாதிரி. அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார், அதனால் தட்டுவடை செட்டோடு முடித்தோம்.

50 ஃபீல்டையும் 50 முழு ஃபிரேமாக விரித்து ஒரு எம்பி4 ஆக்கிப் பார்த்தேன். தவில்காரரின் பத்து விரலையும் எண்ணலாம். பூணூல் நூல்கூடத் தெரிகிறது.

இப்போது அக்காவின் கேள்வி: அங்கே மாமாவின் அம்மா இன்னும் பழைய பிளேயரில்தான் பார்ப்பார், பென் டிரைவ் எல்லாம் அவருக்கு ஒத்துவராது. அவருக்காக ஒரு ஒழுங்கான என்டிஎஸ்சி டிஸ்க் செய்ய முடியுமா?

#21 அஸ்தம்பட்டி அக்கா

முடியும். இந்தத் தடவை நேரத்தைத் தொடக்கூடாது. ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே இருக்கட்டும், ஒலி அப்படியே போகட்டும். படத்தை மட்டும் 50-இலிருந்து 59.94-க்கு.

வரிசை முக்கியம். முதலில் 50 முழு ஃபிரேமாக விரிக்க வேண்டும், அதைத்தான் செய்துவிட்டீர்கள். பிறகு 576 வரியை 480 ஆக்குங்கள். விரிக்காமல் சுருக்கினால் ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, அசைகிற இடமெல்லாம் நெளியும். அதற்கு அப்புறம் 59.94 ஆக்கி, மறுபடி ஃபீல்டுகளாகப் பின்ன வேண்டும். எது முதல் ஃபீல்டு என்பதைச் சரியாகக் குறியுங்கள். மினி டிவி கேசட் கீழ் ஃபீல்டில் தொடங்கும். விரிக்கும்போது அதைத் தப்பாகச் சொல்லியிருந்தால் நடக்கிறவர் ரெண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக நடுங்குவார். உங்களுக்கு விரல் தெரிகிறது என்றால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

#22 நியூஜெர்சி இட்லி

50-ஐ 60 ஆக்குவதற்கு மோஷன் இன்டர்பொலேஷன் (அசைவைக் கணித்து இடையில் புது ஃபிரேம் உண்டாக்குவது) போடுங்கள், வெண்ணெய் மாதிரி ஓடும். என் தம்பி கல்யாணத்துக்கு அதுதான் செய்தேன்.

#23 ஏற்காட்டுக்காரன்

ரெண்டு வழியிலும் ஐந்து நிமிஷம் செய்து பார்த்தேன். இன்டர்பொலேஷனில் பெண் நடந்து வருவது வெண்ணெய்தான். ஆனால் அட்சதை போடுகிற இடத்தில் அரிசி எல்லாம் புகையாகிவிட்டது. நூறு கை, ஆயிரம் அரிசி, எது எங்கே போகிறது என்று அதற்குப் புரியவில்லை போலிருக்கிறது. அப்பாரு கை விரல் மணி மாலைக்குள் கரைந்து வெளியே வருகிறது. பக்கத்து ஃபிரேமைக் கலக்கிற சாதா வழியில் அரிசி கொஞ்சம் மங்கல், ஆனால் அரிசி அரிசியாக இருக்கிறது.

#24 நியூஜெர்சி இட்லி

அட, என் தம்பி கல்யாணத்தில் எல்லாம் புகையாகத் தெரிவதற்கு இதுதான் காரணமா. நான் டியூப்லைட் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

#25 அஸ்தம்பட்டி அக்கா

கலக்கிற வழியே போதும். வீடியோவுக்கு வினாடிக்கு 7 மெகாபிட் கொடுத்தால் ஒரு சாதா 4.7 ஜிபி டிஸ்கில் ஒரு முகூர்த்த டேப் வசதியாக அடங்கும். ரெண்டு டேப்புக்கு ரெண்டு டிஸ்க். மெதுவான வேகத்தில் எழுதுங்கள். டேப்பிலிருந்து ஏற்றிய அசல் கோப்பை ஒரு நகல் உங்கள் அக்காவிடமும் ஒன்று சேலத்திலும் வையுங்கள், ஏற்காட்டில் மட்டும் வேண்டாம்.

#26 ஏற்காட்டுக்காரன்

ரெண்டு டிஸ்கும் எழுதியாகிவிட்டது. அக்கா சனிக்கிழமை கிளம்புகிறார்.

சூரமங்கலம் அண்ணா, 'ரிசப்ஷன்' டேப்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். சுருளின் ஒரு பக்கம் திருநீறு பூசின மாதிரி வெள்ளையாக இருக்கிறது.

#27 சூரமங்கலம்

சுற்றவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். அப்படியே டப்பாவோடு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு எடுத்து வாருங்கள். பூஞ்சை டேப்புக்கென்றே ஒரு கேமராவை ஒதுக்கி வைத்திருக்கிறேன், ஹெட்டைத் துடைத்துத் துடைத்து ஓட்டலாம். ஞாயிறு வீட்டில்தான் இருப்பேன்.

#28 ஏற்காட்டுக்காரன்

ஞாயிறு முதல் பஸ்ஸில் இறங்குகிறேன் அண்ணா. அப்பாவும் வருகிறேன் என்கிறார்.